முருங்கைப் பொடியும் செயற்கை வால்வும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 43 வயதுப் பெண். கரூர் மாவட்டத்தில் அரவக்குறிச்சிப் பக்கம், முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவில் வீடு. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. 36 வயதில் அறுவை சிகிச்சை செய்து, இரண்டு இதழ் கொண்ட கார்பன் வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள்.

இப்படிப்பட்ட வால்வு இருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். நம் பக்கம் பெரும்பாலும் அசெனோகூமரால்தான். மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதை அந்த எண் காட்டும். மருந்து எடுக்காத ஒருவருக்கு அது 1 அருகில் இருக்கும். இவருக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும், ஏறினால் ரத்தக்கசிவு. புதிதாக வந்த மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். தொல்லை இல்லை, ஆனால் உலோக, கார்பன் வால்வு உள்ளவர்களுக்கு அவற்றைத் தருவதில்லை. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை 252 பேரிடம் சோதித்த ஆய்வில் ரத்தக் கட்டியும் கசிவும் இரண்டுமே கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். 2013இல் அந்த முடிவு வெளியானது.

நான் அந்த மருத்துவமனையின் உணவியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும்போது இவருக்குக் கொடுத்த உணவுத் தாளில் "தவிர்க்க வேண்டியவை" என்ற தலைப்பின் கீழ் முதல் வரி "கீரை வகைகள் அனைத்தும்". அந்தத் தாளைத் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி. கீரையில் வைட்டமின் கே இருக்கிறது, அது மருந்துக்கு எதிராக வேலை செய்யும், அதனால் கீரையே வேண்டாம். எழுத எளிது, நோயாளிக்குப் புரியவும் எளிது என்று நினைத்தோம்.

இவர் அதை ஏழு வருஷம் அப்படியே கடைப்பிடித்தார். வாசலிலேயே முருங்கை மரம் நிற்கிறது, அதில் ஒரு இணுக்குக்கூட ஒடித்ததில்லை. ஆனாலும் ஐ.என்.ஆர். புத்தகத்தைப் புரட்டினால் எண்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை: 2.1, 3.9, 1.8, 4.6, 2.9. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு 1.8. ஒவ்வொரு முறையும் மாத்திரையைக் கால், அரை என்று கூட்டிக் குறைத்தார்களே தவிர, ஏன் இப்படி ஆடுகிறது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. நானும்தான்.

வீட்டில் நடந்தது

மகள் கல்லூரியில் படிக்கிறார். முருங்கை இலைப் பொடியில் ஆன்டிஆக்சிடன்ட் நிறைய இருக்கிறது, இதயக் குழாய் அடைப்பு கரையும், இதயம் பலப்படும் என்று ஒரு வீடியோ அவருடைய போனுக்கு வந்தது. அம்மாவுக்கு ஹார்ட் பிரச்சினை, வாசலில் மரம், செலவே இல்லை. இலையை உருவி நிழலில் காயவைத்து, மிக்ஸியில் அரைத்து, சலித்து டப்பாவில் போட்டு வைத்தார். தினமும் காலையில் கஞ்சியில் இரண்டு மேசைக்கரண்டி, மேலே அரை ஸ்பூன் நெய்.

கீரையே வேண்டாம் என்ற தாள் என்ன ஆயிற்று? நான் பிறகு இதைக் கேட்டேன். "அது கீரைங்க, இது பொடிதானுங்களே" என்றார் அவர். எனக்கு அந்தப் பதிலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கீரை என்றால் நம் வீடுகளில் கட்டாக வாங்கி, ஆய்ந்து, கடைந்து சோற்றோடு சாப்பிடுவது. டப்பாவில் இருக்கும் பொடி வேறு இனம், சத்து மாவு, சுக்குப் பொடி வகையறா. தாளில் பொடி என்ற சொல்லே கிடையாது.

பொடி தொடங்குவதற்கு முன் எடுத்த ஐ.என்.ஆர். 2.9. அடுத்த பரிசோதனை நாளில் ஊரில் நோம்பி, போகவில்லை. அதற்கடுத்த வாரம் தோட்ட வேலை. இப்படியே ஏழு வாரம் ஓடிவிட்டது.

கவனித்த அறிகுறிகள்

ஏழாவது வாரம் தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்கியது. படுத்தால் லேசான இருமல். உள்ளூரில் காட்டியபோது சளி என்று சொல்லி டானிக் கொடுத்து அனுப்பினார்கள். அதில் ஐந்து நாள் போயிற்று.

நோயைக் கண்டுபிடித்தவர் ஒரு வகையில் அவருடைய கணவர்தான். செயற்கை வால்வு மூடும்போது கடிகாரம்போல 'டிக்' என்று சத்தம் வரும். அமைதியான ராத்திரியில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கே கேட்கும். ஏழு வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம். "நாலஞ்சு நாளா அது மங்கலாக் கேக்குதுங்க. துணி போட்டு மூடுன மாதிரி இருக்குது" என்று அவசரப் பிரிவில் சொன்னார். அங்கே இருந்தவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. மாலையில் வந்த இதய மருத்துவர் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, கணவரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். வால்வுச் சத்தம் மங்குவது ரத்தம் உறைவதற்கான பழைய, நம்பத்தக்க அடையாளம். எந்தக் கருவியும் இல்லாமல் காதாலேயே தெரியும் அடையாளம்.

ஐ.என்.ஆர். 1.4. ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோவில் வால்வின் இரு பக்க அழுத்த வேறுபாடு சராசரி 9 மி.மீ. பாதரசம், முந்தைய ஆண்டு 4. உணவுக்குழாய் வழியாக எடுத்த எக்கோவில் வால்வு வளையத்தின் ஓரத்தில் சுமார் 4 மி.மீ. அளவில் ஒரு கட்டி தெரிந்தது. எக்ஸ்ரே திரையில் பார்த்தபோது இரண்டு இதழ்களும் திறந்து மூடின. கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ இல்லை.

முதல் முடிவும் அதில் வந்த திருத்தமும்

மூன்று வழிகள் இருந்தன: மறுபடி அறுவை சிகிச்சை, கட்டியைக் கரைக்கும் ஊசி, அல்லது ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் டிரிப் போட்டுக் காத்திருப்பது. கட்டி சிறியது, இதழ்கள் இயங்குகின்றன, நோயாளி உட்கார்ந்து பேசுகிறார். கரைக்கும் மருந்தில் கட்டி துண்டாகி மூளைக்குப் போகும் ஆபத்தும், வேறு இடத்தில் ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. அதனால் ஹெப்பரின் என்று முடிவாயிற்று. நிலைமை மோசமானால் அடுத்த வழிக்குப் போகத் தயாராக வைத்திருந்தார்கள். கூடவே அசெனோகூமராலைச் சராசரி 2.5 மில்லிகிராமிலிருந்து 4க்கு ஏற்றினார்கள். மாத்திரை போதவில்லை, கூட்டுவோம் என்ற கணக்கு.

மறுநாள் காலையில் உணவு விவரம் எடுக்க நான் போனேன். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? இல்லைங்க. நாட்டு மருந்து? இல்லைங்க. கீரை? தொடறதே இல்லைங்க. படிவத்தில் இருந்த கேள்விகள் அத்துடன் முடிந்துவிட்டன. எழுந்திருக்கப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று, "காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல என்னங்க குடிப்பீங்க?" என்று கேட்டேன். கஞ்சி என்றார். கஞ்சியில்? அப்போதுதான் பொடி வெளியே வந்தது. மகள் போனில் டப்பாவின் படத்தைக் காட்டினார்.

டப்பாவையே கொண்டுவரச் சொல்லி, அவர் அள்ளும் அதே கரண்டியால் அள்ளி, எங்கள் சமையலறைத் தராசில் வைத்தோம். குவித்து இரண்டு கரண்டி, 14 கிராம். முருங்கை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், அதனால் இது ஏறக்குறைய 60 கிராம் பச்சை இலைக்குச் சமம். 100 கிராம் பச்சை முருங்கை இலையில் வைட்டமின் கே சில நூறு மைக்ரோகிராம் இருக்கும். அமெரிக்க அளவுகோலில் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குப் போதுமானது 90 மைக்ரோகிராம். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் நெய் அதை நன்றாகவே உள்ளே சேர்த்திருக்கும்.

இந்தத் தகவல் மருந்தின் அளவை மாற்றியது. மருத்துவமனைச் சாப்பாட்டில் பொடி இல்லை. அதாவது வைட்டமின் கே தானாகவே நின்றுவிட்டது. அதோடு மாத்திரையையும் 4க்கு ஏற்றினால் ஒரே வாரத்தில் ஐ.என்.ஆர். மேலே எகிறும், அதுவும் ஹெப்பரின் ஓடிக்கொண்டிருக்கும்போது. இதய மருத்துவர் அன்றே அளவை 3க்கு இறக்கினார்.

ஒரு கை கீரைக்கு இவ்வளவா?

மருத்துவ மாணவர் ஒருவர் கேட்டார்: 60 கிராம் கீரை என்பது ஒரு வேளைப் பொரியல். அதற்கு ஐ.என்.ஆர். 2.9இலிருந்து 1.4க்கு விழுமா?

ரத்தம் உறைய உதவும் சில புரதங்களைக் கல்லீரல் முழுமையாக்க வைட்டமின் கே தேவை. ஒருமுறை வேலை செய்த வைட்டமினை உடம்பு புதுப்பித்து மறுபடி பயன்படுத்தும். அசெனோகூமரால் அந்தப் புதுப்பிப்பைத் தடுக்கிறது. உள்ளே புதிதாக வைட்டமின் வந்தால் தடையைச் சுற்றிக்கொண்டு வேலை நடக்கும். ஏற்கெனவே கீரை சாப்பிட்டு ஓரளவு இருப்பு உள்ளவருக்குக் கூடுதலாக ஒரு கை கீரை பெரிய அசைவைத் தராது. இருப்பே இல்லாத உடம்பில் அதே ஒரு கை பெரிய அலை. ஏழு வருஷமாக இருப்பைத் துடைத்து வைத்தது எங்கள் தாள். கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த அந்த 1.8க்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். தவிர, அசெனோகூமராலின் அரைவாழ்வு, அதாவது உடம்பில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 8 முதல் 11 மணி நேரம்தான், இதே வகை மருந்தான வார்ஃபரினுக்கோ சுமார் 40. ஆட்டம் சீக்கிரமே தெரிந்துவிடும்.

இந்த மருந்துக் குடும்பமே ஒரு தீவனப் பயிரிலிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. அந்தச் செடியிலுள்ள கூமரின் பூஞ்சையால் டைகூமராலாக மாறியதே காரணம் என்று விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் குழு கண்டுபிடித்தது. அதே குழுவிலிருந்து வந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்தாக விற்பனையானது. கூமரினும் செடி தனக்காகச் செய்துகொள்ளும் பொருள்தான். இலையிலிருந்து வருவதால் எதுவும் சாது ஆகிவிடாது.

மகளின் கேள்வி

மூன்றாம் நாள் மகள் அழுதுகொண்டே கேட்டார்: "அப்ப முருங்கை ஹார்ட்டுக்கு நல்லதில்லையா மேடம்?" இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லியிருந்தால் தப்பாக இருந்திருக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினோம்.

முதலில் எந்த ஹார்ட் என்று பார்க்க வேண்டும். வீடியோ பேசியது குழாய் அடைப்பைப் பற்றி. அம்மாவுக்கு இருப்பது வால்வுக் கோளாறு. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஆஞ்சியோகிராமில் குழாய்கள் சுத்தமாக இருந்தன. கரைக்க அங்கே அடைப்பே இல்லை.

அப்புறம், அடைப்பு உள்ளவர்களுக்காவது ஆன்டிஆக்சிடன்ட் வேலை செய்கிறதா? காய்கறி, பழம், தேநீர் நிறைய எடுப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பல கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. நெதர்லாந்தின் ஜுட்ஃபன் ஊரில் 65 முதல் 84 வயது வரையிலான 805 ஆண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், தேநீர், வெங்காயம், ஆப்பிள் வழியாக ஃபிளேவனாய்டுகள் என்ற ஆன்டிஆக்சிடன்ட்களை அதிகம் பெற்றவர்கள் இதய நோயால் இறப்பது குறைவாக இருந்தது. 1993இல் இது வெளியானது. அதைப் பார்த்தால், உணவிலிருக்கும் சத்தை மட்டும் பிரித்துத் தந்தால் போதுமே என்று தோன்றும். தந்தும் பார்த்தார்கள். பிரிட்டனில் இதய நோய் ஆபத்து அதிகமுள்ள 20,536 பேரில் பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், மரணம், எதுவும் குறையவில்லை. பின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது.

"இதில் ஆன்டிஆக்சிடன்ட் இத்தனை மடங்கு" என்று வீடியோக்களில் வரும் எண்கள் சோதனைக் குழாயில் அளந்தவை. உணவுகளுக்கு அப்படி மதிப்பெண் போட்டு வைத்திருந்த பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. குழாயில் நடப்பது உடம்பில் அப்படியே நடப்பதில்லை, விற்பவர்கள் அந்த எண்ணைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

முருங்கைக் கீரை நல்ல சாப்பாடு, சாப்பாடாக இருக்கும் வரை. மகளிடம் இதைத்தான் சொன்னேன். அவர் செய்ததில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதையும் அம்மா முன்னாலேயே சொன்னேன், ஏனென்றால் உறவினர்கள் அதற்குள் வேறு மாதிரிப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

இரண்டாவது முடிவு

வீட்டுக்கு அனுப்பும்போது என்ன சாப்பிடச் சொல்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. இதய மருத்துவர் பழையபடி கீரையே வேண்டாம் என்றார், அது பாதுகாப்பு என்பது அவர் எண்ணம். நான் அதே தாளை மறுபடி கொடுக்கத் தயாராக இல்லை. இங்கிலாந்தில் 2007இல் வெளியான ஒரு சிறிய ஆய்வை எடுத்துக் காட்டினேன். காரணம் தெரியாமல் ஐ.என்.ஆர். ஆடிக்கொண்டிருந்த 70 பேரில் ஒரு பாதிக்குத் தினமும் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே கொடுத்தபோது, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்களுக்கு எண்கள் நிலைப்பட்டன. பிறகு வந்த தொகுப்பாய்வுகள் இதை எல்லோருக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு உறுதிப்படுத்தவில்லை, அதையும் சொன்னேன். நான் கேட்டது வைட்டமின் மாத்திரை அல்ல. தினமும் ஒரே அளவு கீரை.

கடைசியில் ஒத்துக்கொண்டது இது. பொடி, சாறு, கோதுமைப்புல், கேப்ஸ்யூல் எதுவும் கிடையாது. மதியச் சாப்பாட்டில் வெந்த கீரை ஒரு குழிக்கரண்டி. சிறுகீரை, அரைக்கீரை, முருங்கை எதுவானாலும் சரி, ஆனால் அதே கரண்டி, தினமும். ஊருக்குப் போய் இரண்டு நாள் கீரை கிடைக்கவில்லை என்றால் மூன்றாம் நாள் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. மாத்திரையின் அளவைக் கீரைக்கு ஏற்றபடி நாங்கள் சரி செய்துகொள்வோம். இதற்கு ஈடாக, முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இருமுறை ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும் என்று இதய மருத்துவர் நிபந்தனை போட்டார். நியாயமான நிபந்தனை.

கிரீன் டீ குடிக்கலாமா என்று கணவர் கேட்டார். இலையில் வைட்டமின் கே உண்டு, ஆனால் அது தண்ணீரில் அதிகம் இறங்காது. ஒரு கப் தொந்தரவில்லை, இலையையே அரைத்துக் கலக்கும் தூள் வகை வேண்டாம் என்றேன். அவர் காபிதான் குடிப்பாராம், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறார்.

பின்னர் நடந்தவை

ஒன்பதாம் நாள் ஐ.என்.ஆர். 2.7. ஹெப்பரினை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்து எடுத்த எக்கோவில் கட்டி தெரியவில்லை, அழுத்த வேறுபாடு பழையபடி 4க்கு வந்திருந்தது. சத்தம் திரும்பிவிட்டது என்று கணவர் அதற்கு முன்பே போனில் சொல்லியிருந்தார்.

அடுத்த எண்கள்: 3.1, 3.6, 2.8, 2.6, 3.0. மாத்திரை 3 மில்லிகிராமிலேயே நின்றது. மூன்றாவது மாதம் வயிற்றுப்போக்கு வந்து மருந்துக்கடையில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். ஐ.என்.ஆர். 5.8. அசெனோகூமராலை நிறுத்திப் பிடித்து, தினமும் பரிசோதித்து, 3.3க்கு வந்ததும் தொடர்ந்தோம். வைட்டமின் கே ஊசி போடவில்லை, போட்டால் மறுபடி வால்வில் கட்டி வரலாம் என்ற பயம். கீரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு குட்டு. அந்த மாத்திரை இந்த மருந்தோடு மோதும் என்று தாளில் எங்கேயும் எழுதவில்லை.

மாற்றியதும் மாற்ற முடியாததும்

பழைய தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்தோம். புதியதில் தவிர்க்க வேண்டியவை பட்டியலில் கீரை இல்லை, பொடிகளும் சாறுகளும் இருக்கின்றன. மருந்துக்கடையில் எது வாங்கினாலும் ஐ.என்.ஆர். புத்தகத்தைக் காட்டச் சொல்லும் வரி தடித்த எழுத்தில். உணவு விவரப் படிவத்தில் "வேறு மருந்து உண்டா" என்பதற்குக் கீழே, வெறும் வயிற்றில் என்ன, கஞ்சியில் பாலில் கலப்பது என்ன, போனில் பார்த்துப் புதிதாகத் தொடங்கியது என்ன என்று மூன்று கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. வீட்டுக்கு அனுப்பும்போது வால்வுச் சத்தத்தைப் பற்றி நோயாளியிடம் மட்டுமல்ல, பக்கத்தில் படுப்பவரிடமும் சொல்கிறோம். பரிசோதனை தேதி தாண்டினால் செவிலியர் ஒருவர் போன் செய்கிறார், ஆள் இருக்கும் வாரங்களில்.

தூரம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு ஐ.என்.ஆர். பார்க்க இரண்டு பஸ் மாறி வர வேண்டும், அன்றைய கூலி போகும். உள்ளூர் ஆய்வகத்தில் எடுத்தால் எங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் சில நேரம் ஒத்துப்போவதில்லை. கீரை விஷயத்திலும் இந்த ஒருவரை வைத்து நான் எதையும் நிறுவிவிடவில்லை. அளவான கீரையால் எண்கள் நின்றனவா, அடிக்கடி பரிசோதித்ததால் நின்றனவா என்று பிரித்துச் சொல்ல இந்த நிகழ்வில் வழியில்லை. இதய மருத்துவர் இரண்டாவது என்கிறார்.

போன மாதம் வந்தபோது ஐ.என்.ஆர். 2.9. புத்தகத்தில் தேதி, எண், மாத்திரை என்ற மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் மகள் ஸ்கேல் வைத்து நாலாவதாக ஒரு கோடு போட்டு, மேலே "கீரை" என்று எழுதியிருந்தார். கீழே தினமும் ஒரு டிக், நடுவில் இரண்டு நாள் மட்டும் "தாத்தா ஊர்". அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, அடுத்து அச்சடிக்கும் புத்தகத்துக்கு மாதிரியாக வைத்திருக்கிறேன்.